கம்ப்யூட்டருக்குள் தேடிய ஊசித் துண்டு

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது நான்கு. பிரசவத்தில் போய்ச் சேர்ந்த என் அக்காளின் பெண்ணையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்தும் நன்றாகவே இருக்கின்றன. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், பைபிளில் தெரிந்த சங்கீதங்களை விரல் வைத்துப் படிப்பேன். அதற்கு மேல் வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி இதை எழுதுகிறாள். வார்த்தை அவளுடையதாக இருக்கலாம், நடந்தது என்னுடையது.

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன், ஆம்பூரில், வெயில் ஏறத் தொடங்கிய மாசி மாதத்தில்.

அதற்கு முன் நான் யாரென்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த தப்பின் அளவு உங்களுக்குத் தெரியாது. இங்கே ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். முதல் ஆறு வருடம் தையல் மிஷின், அப்புறம் கடைசி வரைக்கும் செக்கிங் டேபிள். ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். தைத்து வரும் அப்பரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எக்ஸ்போர்ட்டுக்குப் போகலாம், இது ரிஜெக்ட் என்று பிரிப்பது என் வேலை. ஒரு தையல் தாண்டியிருந்தாலும் சரி, மாட்டை எப்போதோ உண்ணி கடித்த புள்ளி தோலில் இருந்தாலும் சரி, என் விரல் தானாக அங்கே போய் நிற்கும். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வந்து என் டேபிளைக் கலைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார்கள். ஒன்றும் சொல்லாமல் போவதுதான் அங்கே பாராட்டு. "அக்கா கண்ணுக்குத் தப்பாது" என்று லைனில் எல்லோரும் சொல்வார்கள். வேலையை விட்டு வந்த பிறகும் அந்தக் கண்ணை நான் கழற்றி வைக்கவில்லை. வீட்டில் பருப்பு முதல் மருமகள் கட்டும் புடவை மடிப்பு வரை என் செக்கிங்தான்.

என் மகன் ஒரு கம்பெனியின் எக்ஸ்போர்ட் செக்‌ஷனில் இருக்கிறான். அவன்தான் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினான். மருமகள் ஸ்கூல் டீச்சர், கேள்வித்தாள் எல்லாம் அதில்தான் டைப் செய்வாள். மிச்சமான லைனிங் துணியில் அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டது நான். அதில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. என் கடைசிப் பெண் குவைத்தில் நர்ஸ். அவள் அனுப்பும் போட்டோக்களை மருமகள் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பாள். நான் பஜாரில் இருக்கும் போட்டோ ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போய்ப் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் ஒட்டுவேன்.

அந்தப் பென்டிரைவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஷூ மாதிரியே இருக்கும். பழுப்பு ரப்பரில் குட்டி ஷூ, லேஸ் கூட உண்டு. முனையைப் பிடித்து இழுத்தால் உள்ளே வெள்ளித் தகடு. ஒரு ஜெர்மனி பையர் என் மகனுக்குக் கொடுத்தது. மகன் மனைவிக்குக் கொடுத்தான், அவள் எனக்கென்றே விட்டுவிட்டாள். நான் அதைச் சாவிக்கொத்தோடு இடுப்பில் செருகிக்கொண்டேன். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும், சொருகியபின் எங்கே இரண்டு முறை தட்ட வேண்டும் என்பதெல்லாம் கற்றுக்கொண்டேன். ஸ்டுடியோவில் கடைக்காரர் கையில் கூடக் கொடுக்க மாட்டேன், நானே சொருகுவேன். வீட்டுக்கு வந்ததும் மறுபடி இங்கே சொருகி, பெண்ணின் முகத்தைப் பெரிதாகப் பார்ப்பேன். எழுத்துத் தெரியாதவள் கை பட்டுக் கம்ப்யூட்டர் வேலை செய்கிறது என்றால் அது சின்ன விஷயமா?

எதிர்வீட்டுப் பெண்ணும் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் உட்காருவாள். அவள் அப்பா தோல் மண்டியில் வேலை செய்கிறார். அம்மா வீட்டிலேயே உட்கார்ந்து கையால் அப்பர் தைப்பவள், அந்த ஜாப் ஒர்க்கை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். பெண் தினமும் ரயிலில் வாணியம்பாடிக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தாள். கடைசி வருடம். பங்குனி முடிவதற்குள் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் பிரவுசிங் சென்டரில் தடுப்பு தடுப்பாக இருட்டறைகள். அங்கே அனுப்ப அவள் அம்மாவுக்கு மனமில்லை. "உங்க வூடுன்னா எனக்கு பயமில்லம்மா" என்றாள். நாலு மணி முதல் ஆறு மணி வரை என்று நான் நேரம் போட்டுக் கொடுத்தேன்.

அந்த ப்ராஜெக்ட் இருக்கிறதே, அது என்ன தெரியுமா? அப்பரில் இருக்கும் குறைகளைப் பிரித்துச் சொல்லும் ஒரு ப்ரோகிராம். அதற்காக என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வாள்.

"ஆயா, தையல் தாண்டுனா அது பெரிய தப்பா, சின்ன தப்பா?"

"எங்க தாண்டிச்சின்னு பாக்கணும் கண்ணு. மூக்குல தாண்டுனா ரிஜெக்ட். நாக்குக்கு அடியில தாண்டுனா பொழச்சுப் போவட்டும்."

மூக்கு என்றால் ஷூவின் முன்நுனி, நாக்கு என்றால் லேஸுக்கு அடியில் வரும் பட்டை. அவள் சிரித்துக்கொண்டே டைப் செய்வாள். என் இருபத்திரண்டு வருடமும் அவளுடைய சிவப்புப் பென்டிரைவுக்குள் போய்க்கொண்டிருந்தது. பஜாரில் கூடையில் கொட்டி விற்கும் மலிவு ரகம் அது. காலேஜில் கொஞ்சம், இங்கே கொஞ்சம் செய்து எல்லாவற்றையும் அதில்தான் வைத்திருந்தாள். "அடுத்தவங்க மிஷின்ல நம்ம சாமான வெக்கக் கூடாது" என்று அவள் அம்மா சொல்லியிருந்ததால் எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு எழுத்துகூட வைக்கவில்லை.

இப்படி இருக்கையில் கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடித்தது. ஃபோல்டர் என்று மருமகள் சொல்லும் மஞ்சள் பைகள் இருக்குமே, ஒன்றைத் திறந்தால் உள்ளே அதே பெயரில் இன்னொன்று. கேள்வித்தாளைத் திறந்தால் தானாக மூடிக்கொள்ளும். ஆன்டி வைரஸைத் திறக்கப் போனால் மிஷினே அணைந்து மறுபடி எழுந்து நிற்கும். பஜாரில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் வந்து பார்த்து, வைரஸ் என்று சொல்லி, எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டுவிட்டுப் போனார். மூன்றே நாள். திரும்ப அதே கூத்து.

இரண்டாம் முறை அவர் வந்தபோது மணி நாலரை. அந்தப் பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூப்பிட வந்த அவள் அம்மாவும் வாசலில் நின்றாள்.

"இன்னாம்மா, அது நம்ம வூட்டையே சுத்தி சுத்தி வருது?" என்றார் மெக்கானிக். "பென்டிரைவ் வழியாதான் வரும். இதுல இன்னா இன்னா சொருகுறீங்க?"

அவர் கேட்டு முடிக்கவில்லை, என் விரல் நீண்டுவிட்டது. "அதோ, அந்த சிவப்பு. மலிவு சாமான். வேற எது?"

அவர் தான் கொண்டுவந்த சிடியைப் போட்டு ஆன்டி வைரஸை எழுப்பி, அதை வாங்கிச் சொருகினார். ஆன்டி வைரஸ் வரிசையாகச் சிவப்பு எழுத்தில் கக்கியது. சொன்னேன் பார் என்று மருமகளைத் திரும்பிப் பார்த்தேன். துடைத்து முடித்ததும் பென்டிரைவைத் திறந்தால் வெறும் வெள்ளை. ஒன்றும் இல்லை.

"அண்ணா, என் ப்ராஜெக்ட் இருந்துச்சேண்ணா" என்றாள் அந்தப் பெண். குரல் கீழே இறங்கிவிட்டது.

"இரும்மா, மொதல்ல மிஷின சரி பண்ணிட்டுப் பாக்கறேன்" என்றவர் என் பக்கம் திரும்பி, "வேற எதனா பென்டிரைவ் இருக்காம்மா? இருந்தா எல்லாத்தையும் குடுத்துடுங்க" என்றார்.

"வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

ரப்பர் ஷூ என் இடுப்பில் இருந்தது. மருமகளுக்கும் அது தெரியும், ஆனால் வெளியாள் முன்னால் என் வார்த்தையை மறுத்துப் பேச மாட்டாள். ஒளிக்க வேண்டும் என்று நினைத்து நான் அப்படிச் சொல்லவில்லை. ஜெர்மனிக்காரர் கொடுத்தது, என் மகன் கொண்டுவந்தது, என் இடுப்பை விட்டு இறங்காதது. அதைச் சந்தேகப்பட வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

அதோடு விட்டேனா? வாசலில் நின்ற அவள் அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி ஒன்று சொன்னேன்.

"இது எக்ஸ்போர்ட் டேபிள்மா. ரிஜெக்ட் பீஸெல்லாம் இங்க வெக்க வேணாம்."

அந்தப் பெண் எழுந்தாள். தன் சாமானைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போனாள். அவள் அம்மா செருப்பைக்கூடப் பார்த்து மாட்டவில்லை, இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டினாள். மறுநாள், முன்பு கீரை கொடுத்தனுப்பிய என் பாத்திரம் திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, வெறுமையாக. எங்கள் தெருவில் யாரும் வெறும் பாத்திரம் திருப்ப மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் வரும். நான் அதை வாங்கி அலமாரியில் கவிழ்த்துவிட்டு, கோபம் இருந்தால் இருக்கட்டும், குறையைக் குறை என்று சொல்வதுதானே என் குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு நாள் கம்ப்யூட்டர் நன்றாக ஓடியது. அந்த வாரம் குவைத்திலிருந்து போட்டோ வரவில்லை, அதனால் எனக்கு ஸ்டுடியோ வேலையும் இல்லை. ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை போட்டோ வந்தது. நான் போய்ப் பிரிண்ட் எடுத்து வந்தேன். வழக்கம்போல வந்ததும் வராததுமாக ஷூவைச் சொருகிப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமையலுக்குப் போனேன்.

சாயங்காலம் மருமகள் உட்கார்ந்தாள். மிஷின் அணைந்து எழுந்தது. மஞ்சள் பைக்குள் மஞ்சள் பை.

"அந்தப் பொண்ணு வந்து ஒன்பது நாளாச்சு அத்தை" என்றாள். "இப்ப யார் இன்னா சொருகுனது?"

"எனக்கு இன்னா தெரியும்? கரண்டு வந்து வந்து போவுதில்ல, அதான் கெட்டுப் போயிருக்கும்" என்றேன்.

சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உண்ணி கடித்த இடத்தில் விரல் போய் நிற்குமே, அப்படி நின்றுவிட்டது. மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். விடைத்தாள் திருத்துகிறவள் பார்வை. பிறகு மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். வியாழக்கிழமை காலையில் கடை திறப்பதற்கு முன் வருகிறேன் என்றாராம்.

நடுவில் ஒரு புதன்கிழமை. அந்த ஒரு பகலை நான் எப்படித் தள்ளினேன் என்று எனக்குத்தான் தெரியும். இடுப்பிலிருந்து ஷூவை எடுத்துத் தையல் பெட்டியின் அடியில் போட்டேன். அரை மணியில் போய்த் திறந்து பார்த்தேன். எடுத்துப் புளிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிற மாதிரி இருந்தது, மறுபடி தையல் பெட்டி. அடுப்பில் சோறு வைத்ததை மறந்து அடிப்பிடித்துப் போயிற்று. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வாய்தான் அசைந்தது. ஜன்னல் பக்கம் போகக் கூடாது என்று நினைத்தபடியே பத்துத் தடவை போனேன். எதிர்வீட்டு முன்னறையில் அந்தப் பெண் காலேஜுக்குப் போகாமல் அம்மாவோடு உட்கார்ந்து அப்பர் தைத்துக்கொண்டிருந்தாள். நட்டநடுப் பகல், ரயில் போய் நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. ப்ராஜெக்ட் போய்விட்டது, இனி எதற்கு ரயில் என்று உட்கார்ந்துவிட்டாள்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஷூவைக் கிணற்றில் போட்டுவிட்டு, தொலைந்துவிட்டது என்று சொன்னால் முடிந்தது. மெக்கானிக் துடைப்பார், மிஷின் சரியாகும். அந்தப் பெண்தான் கொண்டுவந்தாள் என்பது அப்படியே நின்றுவிடும்.

அப்போதுதான் எனக்கு அந்த ஊசி ஞாபகம் வந்தது.

கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால் உடனே புது ஊசி தரமாட்டார்கள். உடைந்த எல்லாத் துண்டையும் தேடி எடுத்து வர வேண்டும். ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் பார்த்து, முழு ஊசியானால்தான் ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிப் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த லைனே நிற்கும். தைத்த அப்பர் எல்லாவற்றையும் காந்தம் வைத்துத் தேட வேண்டும். ஏனென்றால் அந்தத் துண்டு ஷூவுக்குள் போய், எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் காலில் குத்தும்.

லைன் நின்றால் எல்லோரும் திட்டுவார்கள். அதற்குப் பயந்து சில பெண்கள் பழைய துண்டுகளை ஒரு தீப்பெட்டியில் சேர்த்து வைத்திருப்பார்கள். துண்டு கிடைக்காவிட்டால் அதிலிருந்து ஒன்றை எடுத்துச் சேர்த்து ஊசி முழுசு என்று காட்டிவிடுவார்கள். ஒருமுறை ஒருத்தி அப்படிக் கொண்டுவந்ததை நான் பிடித்தேன். இரண்டு துண்டையும் வெள்ளைக் காகிதத்தில் வைத்து விரலால் நகர்த்தினேன். முறிந்த வாயும் முறிந்த வாயும் பொருந்தவில்லை. அத்தனை பேர் முன்னால் அவள் தீப்பெட்டியை வாங்கிக் கொட்டினேன். ஒரு வாரம் அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

போகும்போது அவள் கேட்டாள். "ஒரு தடவ கூட உங்க கையில ஊசி ஒடஞ்சதில்லியாக்கா?"

"ஒடஞ்சிருக்கு. உன்ன மாதிரி பொய்த் துண்டு வெச்சதில்ல" என்றேன். என்ன கர்வம் எனக்கு!

இப்போது நான் செய்து வைத்திருப்பது என்ன? உடைந்தது என் கையில். ரிஜிஸ்டரில் ஒட்டியது அந்தப் பெண்ணை.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு மெக்கானிக் வந்தார். மருமகள் ஸ்கூலுக்குப் புறப்பட்டு நின்றாள். நான் தையல் பெட்டியைத் திறந்து ஷூவை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இதையும் பாருப்பா. அன்னிக்கே குடுத்திருக்கணும்."

மருமகள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

மெக்கானிக் அன்றுபோலவே சிடியைப் போட்டு, ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஷூவைச் சொருகினார். "இப்டி புடிச்சாதாம்மா இது தானா ஓடாது" என்றார். அப்புறம் சிவப்பு எழுத்து ஓடியது. அன்றைக்கு ஓடியதைவிட நீளமாக ஓடியது. நான் நின்றுகொண்டே பார்த்தேன்.

"ஆத்தா!" என்றார். "பொங்கலுக்கே வந்து குடியேறிடுச்சி. எங்க கொண்டு போனீங்க இத?"

"ஸ்டுடியோவுக்கு."

"அங்க ஊர்ல இருக்கற பென்டிரைவெல்லாம் வருமே. அங்கேர்ந்து உங்க ஷூவுக்கு, ஷூலேர்ந்து மிஷினுக்கு. நான் இங்க தொடச்சிக்கினே இருக்கேன், நீங்க அங்கேர்ந்து கொண்டாந்து ஊத்திக்கினே இருக்கீங்க."

"அப்ப அந்தப் பொண்ணோட சிவப்பு?"

"அதுக்கு உங்க மிஷின்லேர்ந்துதான் போயிருக்கும்."

மருமகள் ஸ்கூலுக்குப் போன் செய்து, வர நேரமாகும் என்றாள். என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் மெக்கானிக்கைக் கேட்டேன்: "அவ எழுதி வெச்சதெல்லாம் அழிஞ்சிதான் போச்சா?"

"அழிச்சிருக்காதும்மா. இந்த ஜாதி வைரஸ் நம்ம ஃபைல ஒளிச்சி வெச்சிட்டு அந்த எடத்துல தன்ன வெச்சிக்கும். அன்னிக்கே பாத்திருப்பேன். நீங்கதான் அதுக்குள்ள அவங்கள தொரத்தி வுட்டீங்களே. அந்தப் பொண்ணு அதத் தூக்கிப் போடாம இருந்தா சரி."

அதற்கப்புறம் எனக்கு நின்ற இடம் தெரியவில்லை. செருப்புப் போடாமல் தெருவைத் தாண்டினேன். எட்டரை மணி வெயிலுக்கே ரோடு சுட்டது.

அம்மாவும் பெண்ணும் அப்பர் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அம்மா எழுந்தாள். "வாங்க" என்றாள். அவ்வளவுதான். எப்போதும் கூடவே வரும் 'அம்மா' வரவில்லை.

"உக்கார சொல்லாத" என்றேன். "அந்த வைரஸக் கொண்டாந்தது உன் பொண்ணு இல்ல. நான். என் இடுப்புலயே இருந்துச்சி. ஊசி ஒடஞ்சது என் கையில, நான் பழிய இவ மேல போட்டுட்டேன்."

அப்பர் தைக்கிறவள் வீட்டில் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அவள் கையிலிருந்த ஊசியை அப்பரில் குத்தி நிறுத்தினாள். "பெரியவங்க நீங்க" என்று ஆரம்பித்தவள், கீழே கிடந்த நூலை எடுத்துச் சுற்றினாள். மன்னிப்பு என்று நான் எதிர்பார்த்தது அன்று கிடைக்கவில்லை. கிடைக்காததும் நியாயம்தான்.

நான் பெண்ணிடம் திரும்பினேன். "கண்ணு, அந்த சிவப்பு எங்க? தூக்கிப் போட்டுட்டியா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் காட்டினாள். ஜாப் ஒர்க் வீடுகளில் அப்படி ஒரு டப்பா இருக்கும். கெட்டுப்போன பீஸ் எதையும் வீசக் கூடாது, கம்பெனி கேட்கும்போது எண்ணித் திருப்பித் தர வேண்டும். அதனால் தனியாகப் போட்டு வைப்பார்கள்.

"ரிஜெக்ட்னு நீங்கதான சொன்னீங்க ஆயா" என்றாள். "ரிஜெக்ட்ட நாங்க தூக்கிப் போட மாட்டோம்."

டப்பாவுக்குள், வெட்டுப்பட்ட நாக்குகளுக்கும் லைனிங் துண்டுகளுக்கும் அடியில் அந்தச் சிவப்புப் பென்டிரைவ் இருந்தது. நானே கையை விட்டு எடுத்தேன்.

அவள் அம்மா போகச் சொல்லும் வரைக்கும் அந்தப் பெண் எழவில்லை. "போ. போய்ப் பாரு" என்ற பிறகுதான் துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தாள். மருமகள் ஸ்கூலுக்குப் போகாமல் அங்கேயே நின்றிருந்தாள். பெண்ணுக்கு நாற்காலி இழுத்துப் போட்டது அவள்தான்.

மெக்கானிக் முதலில் பென்டிரைவைத் திறந்தார். வெறும் வெள்ளை. அப்புறம் எங்கேயோ தட்ட, ஒரு வட்டம் வந்தது. முக்கால்வாசி நீலமாக நிரம்பியிருந்தது.

"பாருங்கம்மா. காலி டப்பான்னு காட்டுது, ஆனா கனம் இருக்கு. ஒண்ணுமில்லாத டப்பாவுக்கு எப்டி கனம் வரும்?"

கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து ஒரே ஒரு வரி டைப் செய்தார். எண்டர் தட்டினார். அது நின்று நின்று ஓடியது. தெரியாத எழுத்தாக இருந்தாலும் நான் விரல் வைத்து அதன் பின்னாலேயே போனேன். பையர் என் டேபிளில் கலைத்துப் பார்க்கும்போதுகூட எனக்கு அத்தனை பயம் இருந்ததில்லை.

பிறகு அந்த வெள்ளையில் மஞ்சளாக ஒன்று வந்தது. அடுத்து ஒன்று. அப்புறம் கடகடவென்று ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. அந்தப் பெண் மவுஸைப் பிடுங்காத குறையாக வாங்கி ஒன்றைத் திறந்தாள். உள்ளே எழுத்து எழுத்தாக இருந்தது.

"படி கண்ணு. இன்னா இருக்கு?" என்றேன்.

"மூக்குல தையல் தாண்டுனா ரிஜெக்ட்" என்று படித்தாள். அடுத்த வரியைப் படிக்க முடியவில்லை. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மருமகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் பிடிக்க ஆசைதான். கை போகவில்லை.

அன்றைக்கே அவள் கேட்காமலே மெக்கானிக்கிடம் எல்லாவற்றையும் ஒரு சிடியில் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். "அடுத்தவங்க மிஷின்" பேச்சை விடு என்று சொல்லி எங்கள் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி வைக்க வைத்தேன்.

ஊசியில் இன்னும் ஒரு துண்டு பாக்கி இருந்தது. சாயங்காலம் ஸ்டுடியோவுக்குப் போனேன். உங்கள் மிஷினில் வைரஸ் இருக்கிறது என்று சொன்னதும் கடைக்காரர் கடையில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா, ஆயா கம்ப்யூட்டர் இஞ்சினியர் ஆயிட்டாங்க!" எல்லோரும் சிரித்தார்கள். வேறு நாளாயிருந்தால் என் நாக்கு சும்மா இருந்திருக்காது. அன்று நின்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் மெக்கானிக்கைக் கையோடு கூட்டிப் போனேன். அவர் மிஷினைத் திறந்து காட்டியதும் சிரிப்பு நின்றது. அந்தப் பெண்ணும் தன் காலேஜில் சொல்லி, அவள் உட்கார்ந்த மிஷின்களைத் துடைக்க வைத்தாள்.

பங்குனியில் அவள் ப்ராஜெக்ட் கொடுத்தாள். பரீட்சை எழுதினாள். இப்போது சென்னையில் வேலை. ஆனால் அவள் அம்மா வாயில் மறுபடி 'அம்மா' என்று வர இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை வெறும் 'வாங்க', 'போங்க'தான். நானும் அவசரப்படுத்தவில்லை. ஒருநாள் அதே பாத்திரத்தில் கீரை அனுப்பினேன், அது நான்கு நாள் கழித்து அரிசிமாவோடு திரும்பி வந்தது. மாவில் கொஞ்சம் கட்டி இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ரப்பர் ஷூ இப்போது என் இடுப்பில் இல்லை. கம்ப்யூட்டர் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. யார் எதைச் சொருக வந்தாலும் முதலில் என் ஷூவைத்தான் சோதிக்கச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் தைத்ததை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவள், தன் இடுப்பில் இருந்ததை ஒருநாளும் திருப்பிப் பார்க்கவில்லை. ஊசி உடைந்தது என்று யார் வந்து சொன்னாலும் என் கை இப்போது முதலில் என் இடுப்பைத்தான் தடவுகிறது.

இதை எழுதும்போது பேத்தி ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினாள். "ஆயா, ரிஜெக்ட் பீஸ்னு அந்த அக்காவச் சொன்னியே, அது வேணாமே" என்றாள். எழுது என்றேன். எழுதினாளா என்று எனக்குத் தெரியாது. நீளமாகத்தான் எழுதியிருக்கிறாள், ஆனால் என்மேல் இருக்கும் பிரியத்தில் எதையாவது விட்டிருப்பாள்.

எங்கே, முதலிலிருந்து நிதானமாகப் படி கண்ணு. துண்டெல்லாம் சேர்ந்து முழு ஊசியாகிறதா என்று கேட்டுப் பார்க்கிறேன்.